பால் படாத சட்டி

பாகூரில் என் சிநேகிதி வீட்டுக் கொட்டகையில் எப்போதும் இரண்டு கறவை மாடுகள் நிற்கும். விடிவதற்கு முன்பே எழுந்து சாணி அள்ளி, மடி கழுவி, கறந்து முடித்து, கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்துதான் அவள் பல் துலக்குவாள். ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிற குடும்பம். ஆனாலும் நெல் பணம் அறுப்புக்கு அறுப்புதான் வரும். மளிகைக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் அவசரத்துக்கும் கையில் நிற்பது பால் பணம். அந்த வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்குத்தான் பால் ஆகாது என்று ஆயிற்று.

ஏழாம் மாதம் ராகிக் கூழில் கொஞ்சம் பசும்பால் விட்டுக் காய்ச்சி ஊட்டியிருக்கிறாள். சற்று நேரத்தில் உதட்டைச் சுற்றித் தடிப்பு. பிறகு கண் இரப்பை வீங்கி, வாந்தியெடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மாமியார் திருஷ்டி கழிக்க மிளகாய் தேட, இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். அன்றைக்கு அவள் அப்படி ஓடியதுதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். வயிறு உப்பிக்கொண்டு கடமுடா என்கிறதே, அந்தச் சங்கதி வேறு, இது வேறு. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி நம்மில் நிறையப் பேருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். அவர்கள் பால் குடித்தால் உபாதை உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை. மோரும் தயிரும் ஓரளவு ஒத்துப்போகும். பாப்பாவுக்கு இருப்பது ஒவ்வாமை. பாலின் புரதத்தை உடம்பு பகையாக எடுத்துக்கொள்கிறது. அதற்குக் குவளை நிறையப் பால் வேண்டாம், கரண்டியில் ஒட்டியது போதும். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும், சிலருக்கு நின்றுவிடும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாராம்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. "ஆட்டுப்பால் குடுத்துப் பாரேன், அது சூடு இல்ல." ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதமும் ஏறக்குறைய ஒரே சாயல், ஒன்று ஆகாத பிள்ளைக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது. "நெய்தானே, நெய்யில ஏது பாலு?" உருக்கிய நெய்யிலும் புரதத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நெய் விடாமல் பருப்புச் சோறு போடுவதைக் குறையாக நினைக்கிற மனிதர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தாய் ஒவ்வொரு வாசலிலும் நின்று "வேணாம்க்கா, வேணாம் அத்தை" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு வேளையும் கறந்து முடித்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டுதான் அவள் மகளைத் தூக்குவாள். மாட்டை விற்றுவிடலாமா என்று ஒரு சமயம் கேட்டேன். "அதுங்கள வித்துட்டா இவளுக்கு எதுல வாங்கிப் போடுவேன்?" என்றாள். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். புதுச்சேரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் சூடாகப் பால் கொடுக்கிற திட்டம் உண்டு. நல்ல திட்டம். வயல் வேலைக்கு இருட்டோடு கிளம்புகிற பெற்றோரின் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அன்றைய முதல் ஆகாரம் அந்தப் பால்தான். டம்ளர்கள் வரிசையாகப் போகும்போது இவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருப்பாளாம். டீச்சர் பக்கத்தில் உட்கார வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். பால் இல்லாமல் பாப்பா இருந்துகொண்டாள். அவளை வாட்டியது கேக்கு.

எங்கள் சிறுவயதில் பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், வகுப்பில் ஆரஞ்சு மிட்டாய். இப்போது எந்தக் குக்கிராமத்திலும் கேக்கு வெட்டுகிறார்கள். பேர் எழுதிய அட்டைப்பெட்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறது. வெட்டியதும் முதல் துண்டை ஊட்ட வேண்டும். அடுத்தது பிள்ளைகளுக்கு உயிரான பகுதி, கிரீமை எடுத்து முகத்தில் அப்புவது. பாப்பாவுக்கு அந்தக் கிரீம் கன்னத்தில் பட்டாலே தடிக்கும். அதனால் எந்தப் பிறந்தநாளிலும் அவள் வாசற்படிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நிற்பாள், கையில் கடலை உருண்டை டப்பாவோடு. பெரியவர்கள் அவளுக்கென்று தனியாக ஏதாவது வாங்கி வைப்பார்கள். அன்பாகத்தான் வைப்பார்கள். தனித் தட்டு எத்தனை அன்பாக வைத்தாலும் தனித் தட்டுதான். பந்தியில் ஒருத்திக்கு மட்டும் வேறு இலை போட்டு, அதில் எல்லாரையும்விட நல்ல பண்டமே வைத்தாலும், அவள் பந்தியில் உட்கார்ந்தவள் ஆகமாட்டாள். அவளுக்கு ஆகிற கேக்கை அவளுக்கு மட்டும் செய்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதையே எல்லாரும் தின்ன வேண்டும், வேறு கேக்கே அங்கே இருக்கக் கூடாது. இந்தப் பிடிவாதத்தில்தான் ஆரம்பித்தேன்.

நாங்கள் நாலு பேர் வில்லியனூரில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் அங்கேயே இருக்கிறேன். ஒருத்தி பாகூருக்கு வாழ்க்கைப்பட்டாள். இன்னொருத்தி லூர்து மாதா கோயில் பக்கம், மற்றவள் சுல்தான்பேட்டை. வைகாசியில் திருக்காமீசுவரர் தேர் கிளம்பும்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர் அது. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அவள் வீடு, ரம்ஜானுக்கு இவள் வீடு. ஆகவே ஒருத்திக்கு ஆகாததை இன்னொருத்தி நினைவில் வைத்துச் சமைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். சுல்தான்பேட்டைக்காரி பிரியாணி தேக்சாவைத் திறப்பதற்கு முன்பே குஸ்காவைத் தனியே எடுத்து மூடி வைத்திருப்பாள். மாதா கோயில்காரி கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் சேர்க்காத ஒரு தட்டு சுடுவாள். பாப்பாவின் பாட்டி செவ்வாய், வெள்ளியில் முட்டை தொடமாட்டார்.

2025-இல் பாப்பாவின் பிறந்தநாள் மாசி மாதத்து வெள்ளிக்கிழமையில் வந்தது. ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் அப்போது ஒன்றாகத் தொடங்கியிருந்தன. நோன்பு வைத்தவள் சூரியன் விழுந்த பிறகுதான் வாயில் எதுவும் வைப்பாள். ஆக நான் செய்ய வேண்டிய கேக்குக்குப் பால் கூடாது, வெண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மது வாசனை கூடாது, மாலை ஆறரை வரை காத்திருந்தாலும் காய்ந்துபோகக் கூடாது.

இதெல்லாம் இல்லாமல் கேக்கு எப்படி என்று கேட்டவர்கள் நிறைய. உலகம் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டு, பதிலும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நாம் கடையில் வாங்கும் பேக்கிங் பவுடருக்குப் பின்னால் ஒரு மனைவியின் வயிறு இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஆகாது. அவருக்காக 1837-இல் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்தார். ஈஸ்ட்டும் அந்த அம்மாவுக்கு ஆகவில்லை. 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப ஒரு தூளைக் கலந்து கொடுத்தார். ஒருத்தி மேசையிலிருந்து ஒதுங்கி உட்காரக் கூடாது என்று ஒரு மனிதர் தன் கடையில் உட்கார்ந்து கலந்த தூள் இன்று உலகம் முழுக்க எத்தனை அடுப்படிகளில் இருக்கிறது! இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த தெம்பு கொஞ்சமல்ல.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பால், முட்டை, வெண்ணெய் மூன்றும் இல்லாத கேக்கு வீட்டுக்கு வீடு பரவியது. உலர் திராட்சையையும் சர்க்கரையையும் மசாலாவோடு கொதிக்கவிட்டு மாவு சேர்ப்பார்கள். கிரேக்க நாட்டில் ஆகஸ்ட் 27-ஆம் தேதி புனித பனூரியோஸ் திருநாளுக்கு எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் விட்டு ஒரு நோன்புக் கேக்கு சுட்டு, கோயிலுக்குக் கொண்டுபோய் வந்தவர்களுக்கெல்லாம் பங்கிடுவார்கள். மாதா கோயில்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். அந்தக் காலத்தில் தவக்காலம் முழுக்கக் கத்தோலிக்கர்களும் பால், வெண்ணெய், முட்டையை விலக்கியிருக்கிறார்கள். பிரான்சில் ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கே வெண்ணெய்க் கோபுரம் என்று பேர். தவக்காலத்தில் வெண்ணெய் தின்ன அனுமதி கேட்டுக் கொடுத்த காணிக்கையில் கட்டியதாம். "வெண்ணெய்க்கு ஆசப்பட்டுக் கோபுரமே கட்டியிருக்கானுங்கடி, நீ அத வுட்டுட்டுக் கேக்கு செய்யிறேன்ற!" என்றாள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. தலச்சேரியில் 1883-இல் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரௌன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, இதைப் போலச் செய்து தா என்று கேட்டாராம். மாஹேயில் கிடைக்கும் பிரெஞ்சு பிராந்தியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பாப்பு அதை விட்டுவிட்டு, முந்திரிப்பழமும் கதலி வாழைப்பழமும் போட்டு வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிக் கேக்கைச் சுட்டார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள். முதலாளிக்குப் பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். அந்த மாஹே அன்று பிரெஞ்சு மண், இன்றைக்கு நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் ஒரு துண்டு. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கு என்று கொண்டாடப்படும் கேக்கே பக்கத்தில் விளைந்ததை நம்பி வந்தது என்றால், பாகூர்த் தேங்காயை நம்ப எனக்கு என்ன தயக்கம்?

தேங்காயைத்தான் நம்பினேன். பாகூர் வீட்டுக் கொல்லையில் விழுந்த நெற்றுகளை உரித்துத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்த முதல் பால். கொழுப்பு நிறைந்தது. மாவுக்கு ஈரமும் கொடுக்கும், மென்மையும் கொடுக்கும். சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை எடுத்ததற்குக் காரணம் இனிப்பு மட்டுமல்ல. பால் சேர்ந்த கேக்கு மேலே பொன்னிறமாகச் சிவப்பதில் பாலின் சர்க்கரைக்கும் புரதத்துக்கும் பங்குண்டு. அது இல்லாதபோது மேற்பரப்பு வெளுத்துப்போகும். நாட்டுச் சர்க்கரை அந்த நிறத்தை ஈடுகட்டிவிடும், கூடவே கரும்பு வாசனையும் வரும். வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் குழைக்கும்போது கெட்டிக் கொழுப்புக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், அந்தக் காற்றுதான் சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்கும். உருகிய எண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. அதனால் உப்ப வைக்கிற வேலை முழுக்கச் சோடா உப்பின் தலையில் விழுகிறது. ஆனால் எண்ணெய்க்கு வேறொரு நற்குணம் உண்டு. வெண்ணெய்க் கேக்கு ஆறினால் இறுகும், எண்ணெய்க் கேக்கு மறுநாளும் அப்படியே மெத்தென்று இருக்கும். ஆறரை மணிக் காத்திருப்புக்கு அதுதான் சரி.

சட்டி விஷயத்தில் அதிகம் யோசித்தேன். வீட்டில் இருக்கிற தட்டு, பாத்திரம் எல்லாவற்றிலும் எப்போதாவது நெய் தடவியிருக்கும், பால்கோவா கிண்டியிருக்கும். கரண்டியில் ஒட்டியது போதும் என்றுதானே மருத்துவர் சொல்லியிருந்தார். வில்லியனூரில் மண்பாண்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. குயவர் வீட்டில் ஓர் அகலச் சட்டி எடுத்தேன், உள்பக்கம் வழவழவென்று தேய்த்தது. மண்சட்டி தன்னில் சமைத்ததை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே வாங்கிய நாளிலிருந்து அதில் பால் படக் கூடாது என்று சட்டியின் வெளிப்புறம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அரிசி களைந்த தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து, தேங்காயெண்ணெய் பூசி, மெல்லிய தணலில் பழக்கினேன். முதலில் நான் எடுத்தது வேறொரு சட்டி. அதற்கு விலை கொடுக்கப் போனபோது குயவர் அம்மா என்னத்துக்கு இந்தச் சட்டி என்று கேட்டார். சொன்னேன். அடியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்மா, இன்னும் கனமா ஒண்ணு இருக்கு" என்று உள்ளே போய் வேறு எடுத்துவந்தார்.

வாங்குகிற பொட்டலம் ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்தேன். 2020-இல் வந்த உணவு லேபிள் விதிமுறைப்படி பால், முட்டை, நிலக்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் சேர்ந்திருந்தால் உறையில் அறிவிக்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும். மார்ஜரினில் பால் நீர் சேர்ந்திருக்கலாம், கறுப்புச் சாக்லேட்டிலும் பால் ஒளிந்திருக்கலாம், சாதாரண பிஸ்கட்டில் பால்மாவு சர்வ சாதாரணம். மைதாவும் சோடாவும் ஏலக்காயும் நம் பக்கத்துப் பொருள்கள். உள்ளே என்ன என்று சந்தேகம் வராத பொருள்களாகவே பார்த்து எடுத்தேன்.

அளவு சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள். மைதா 400 கிராம், நாட்டுச் சர்க்கரை 300 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, தேங்காயெண்ணெய் 150 மில்லி, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, சமையல் சோடா இரண்டு தேக்கரண்டி தலை தட்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், கொஞ்சம் ஜாதிக்காய். நோன்பு திறப்பவளுக்காகக் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை நறுக்கி, மாவில் புரட்டிச் சேர்த்தேன். அப்படிப் புரட்டினால் அடியில் போய்த் தங்காது. மாவும் சோடாவும் உப்பும் சலித்து ஒரு பக்கம், மற்றதெல்லாம் கலந்து ஒரு பக்கம், எலுமிச்சைச் சாறு கடைசியில். சாறு சோடாவில் பட்ட நொடியிலிருந்து கரியமில வாயு கிளம்பத் தொடங்கிவிடும். அந்த நுரை அடங்குவதற்குள் சட்டி சூட்டுக்குள் போய்விட வேண்டும். போட்டு அடிக்கவும் கூடாது, அடித்தால் மைதாவின் பசைத்தன்மை ஏறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். மாவின் வெள்ளைத் திட்டு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

சுடுவதற்குச் சுல்தான்பேட்டைக்காரியின் பெரிய தேக்சாவே வந்தது. எங்கள் ஊரில் ஓவன் வைத்திருப்பவர்கள் குறைவு. பேக்கரி விறகு அடுப்பில் கொடுத்து வாங்கலாம்தான், ஆனால் பால் ரொட்டியும் பட்டர் பிஸ்கட்டும் வேகிற இடத்துக்கு இந்தச் சட்டியை அனுப்ப மனம் இல்லை. தேக்சாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய வைத்து, அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே இரும்பு வளையம் வைத்துச் சூடேற்றினோம். சட்டியை இறக்கி, தட்டுப் போட்டு மூடி, மூடிமேல் தணல். கீழே நெருப்பு சிறுத்து, மேலே தணல் கனத்து, இது பிரியாணிக்குத் தம் போடுகிற முறை. அந்தக் காலத்துப் புதுச்சேரி வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்கு வேக வைத்ததும் இதே முறையில்தான் என்று மாதா கோயில்காரி சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து ஈர்க்குச்சியைக் கழுவிக் குத்திப் பார்த்தோம், ஒட்டாமல் வந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

மங்கலம், ஏம்பலம் வழியாக ஸ்கூட்டரில் போனோம். சட்டி எனக்குப் பின்னால் உட்கார்ந்தவளின் மடியில், ஈரத்துணி சுற்றிய வாழையிலைக்குள். இரண்டு பக்கமும் தாளடி கதிர் வாங்கி நின்றது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள் அவள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

பாப்பாவுக்கு அன்றைக்கு ஏழு வயது நிறைந்திருந்தது. பச்சைப் பாவாடை, மல்லிகைச் சரம். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட கேள்வி, எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் கேட்கப் பழக்கியிருந்த கேள்வி: "பெரியம்மா, இதுல இன்னா இன்னா போட்ட?"

வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள்.

"நெய்யி?"

"இல்ல."

"சட்டி யாரோடது?"

"உன்னோடது."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையசைத்ததும், அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுதிக் காட்டும் திறன் எனக்கு இல்லை.

வகுப்புப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஆறரை மணிக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னபோது சின்னதுகள் முனகின. பாப்பா அவர்களிடம், "அந்தப் பெரியம்மா காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல, அவங்க வாயில வெச்சப்புறம்தான் நமக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒதுக்கப்பட்டு நிற்பதென்றால் என்ன என்று அந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். பாங்கு நேரம் ஆனதும் சுல்தான்பேட்டைக்காரி பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறந்தாள், பின்கட்டில் தொழுதுவிட்டு வந்தாள். பிறகு கத்தியை எடுத்தாள் பாப்பா.

முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டினாள். அம்மா அதே துண்டில் மிச்சத்தை மகள் வாயில் வைத்தாள். மற்ற பிறந்தநாளில் சாதாரணமாக நடக்கிற காரியம். இந்த வீட்டில் இது வரை நடந்ததில்லை. தான் தின்றதன் எச்சம் மகள் உதட்டில் பட்டுவிடுமோ என்று முத்தம் கொடுக்கவே வாயைக் கழுவிக்கொண்டு வந்த தாய் அவள். பாட்டிக்கு ஊட்டினாள், வெள்ளிக்கிழமையாயிற்றே என்று பாட்டி மறுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஊட்டினாள். வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் வாயில் வைத்தார்கள், அழுக்குக் கையோ ஒட்டுக் கையோ, யாரும் தடுக்கவில்லை. அந்தக் கைகள் தொட்டிருந்தது அந்த ஒரே கேக்கைத்தான். எல்லாருக்கும் ஒரே கேக்கு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததன் முழுக் காரணமும் எனக்கே அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு மட்டும் ஒரு தட்டு செய்திருந்தால் அவள் தின்றிருப்பாள், ஆனால் ஒரு பிள்ளைகூட அவளுக்கு ஊட்டியிருக்க முடியாது.

ஒரு பையன் கிரீம் இல்லையே என்று ஏமாந்துபோனான். பிறகு சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பேரீச்சம்பழப் பாகை விரலால் வழித்துப் பாப்பாவின் மூக்கில் தடவிவிட்டு ஓடினான். வீடே ஒரு கணம் திடுக்கிட்டது. அடுத்த கணம் அவள் அவனைத் துரத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

சட்டி பாகூரிலேயே தங்கிவிட்டது. இப்போது பாகூர்க்காரியே சுடுகிறாள். தெருவில் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் அவர்கள் கொண்டுவந்து தருகிறார்கள், இவள் சுட்டுக் கொடுக்கிறாள். பேர் எழுதிய அட்டைப்பெட்டியும் வரத்தான் வருகிறது, ஆனால் அது பாப்பா வீட்டுக்குப் போன பிறகு திறக்கப்படுகிறது என்று கேள்வி.

அந்த வருடம் மார்கழியில் எனக்கு ஆசை பெரிதாகிவிட்டது. பால் இல்லாத விவிக்கம். புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளின் கிறிஸ்துமஸ் கேக்கு அது. மைதாவுக்குப் பதில் ரவை, ஏராளமான முட்டை, வெண்ணெய் அல்லது நெய், முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழங்கள். மாதா கோயில்காரி காதைப் பொத்திக்கொண்டாள். "நெய் இல்லாம விவிக்கமா? எங்க ஆயா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வரும்." ஆனாலும் அவளே பழங்களைக் கறுப்புத் திராட்சைச் சாற்றில் ஊற வைத்தாள். மார்கழியின் குளிர் எங்களுக்குக் கைகொடுத்தது. தேங்காயெண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். விடியற்காலையில் வெண்ணெய்ப் பதத்தில் கெட்டித்திருந்த எண்ணெயை ரவையில் போட்டுத் தேய்த்துப் பிசறி ஊற வைத்தோம். பாப்பாவுக்கு முட்டை ஆகும், அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, முட்டை போட்டுக்கொண்டோம். கிராம்பு, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல். மேலும் கீழும் தணல்.

கறுத்து, கனத்து, வாசனையாக வந்தது. மாதா கோயில்காரி ஒரு வாய் தின்று வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாருக்கு. ஆனா விவிக்கம்னு மட்டும் சொல்லாத, வேற பேர் வை" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு துண்டை டிபன் பாக்ஸில் அடைத்து அவள் அம்மாவுக்குக் கொண்டுபோனாள். எழுபது கிறிஸ்துமஸ் பார்த்த கை அந்த அம்மாவுடையது. மறுநாள் டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சிறு காகிதப் பொட்டலத்தோடு. பிரித்துப் பார்த்தால் கிராம்பு. அடுத்த தடவை விவிக்கம் செய்யும்போது இன்னும் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னார்களாம்.